ஞாயிறு மாலை வேகம்

நீச்சல் குளம் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பம்பு நின்றுவிட்டது என்று லக்ஷ்மிநாராயணன் முடிவுகட்டிவிட்டார். காலை நடையைப் பாதியில் விட்டுவிட்டு, குளத்தின் ஓரத்தில் நின்றபடியே ஜாய்ஸுக்கு போன் போட்டார். தண்ணீர் அசையவே இல்லை, சத்தமும் இல்லை, கட்டிக்கொடுத்தவன் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான் என்பது அவருடைய புகார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கேளம்பாக்கத்தில் அத்தனை அடுக்குமாடிகள் இருக்க, தங்களுடைய குளம்தான் பேசப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்.

மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்த ஜாய்ஸ், ஈரக்கையோடு இறங்கி வந்தாள். அவள் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறாள். அதனாலேயே குளத்து பம்பின் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சங்கத்தில் சொன்னார்கள். அவளாகத்தான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். வந்தவள் அவரைக் குனியச் சொல்லி, குளத்துச் சுவரில் தண்ணீர் திரும்பி வரும் துளைக்கு நேராகக் கையை வைக்கச் சொன்னாள். உள்ளங்கையில் மெல்ல, பூனை முட்டுவதுபோலத் தண்ணீர் முட்டியது.

"ஓடுதே!" என்றார் அவர். "அப்புறம் ஏன் சத்தமே இல்ல?"

"சத்தம் போட்டாதான் வேலை நடக்குதுன்னு அர்த்தமா சார்? நம்ம சங்க மீட்டிங்கையே எடுத்துக்கோங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவரை அவள் விடவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருந்த பம்பு அறைக்கு அழைத்துப்போய், எல்லாவற்றையும் காட்டினாள்.

இந்த பம்பின் வேகத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரும் பாதியாகத்தான் வரும். ஆனால் அது தின்கிற கரன்ட் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே அரை வேகத்தில் இரண்டு மடங்கு நேரம் ஓட்டினால், அதே அளவு தண்ணீர் வடிகட்டிக்குள் போய் வரும், செலவோ கால்வாசி. இன்னொரு லாபமும் உண்டு. அவசரமில்லாமல் போகும் தண்ணீர், வடிகட்டியின் மணலில் நின்று நிதானித்து, பொடி அழுக்கைக்கூட விட்டுவிட்டுப் போகும். காலையில் கொஞ்ச நேரம் மட்டும் வேகம் வேண்டும். மேலே மிதக்கும் இலையையும் பூச்சியையும் ஓரத்துக்கு இழுக்க. பிறகு பகல் முழுக்க மெதுவாக ஓடினால் போதும். வெயில்தான் தண்ணீரிலுள்ள குளோரினைத் தின்கிறது, ஆகவே வெயில் இருக்கும்போது தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"அப்ப முழு வேகம் எதுக்குதான்?"

"ரெண்டு விஷயத்துக்கு. கூட்டம் அதிகமா குளிச்ச அன்னிக்கு. இன்னொண்ணு பேக்வாஷுக்கு" என்று சொன்னவள், அதைச் செய்தே காட்டினாள். வடிகட்டியில் மேலிருந்து கீழே போகிற தண்ணீரைத் தலைகீழாகத் திருப்பி, கீழிருந்து மேலே முழு வேகத்தில் அடித்தாள். மணலில் சிக்கிக் கிடந்த அழுக்கெல்லாம் பிய்த்துக்கொண்டு வெளிக்குழாயில் போனது. அந்தக் குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். அதற்குள் முதலில் டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் ஓடியது. லக்ஷ்மிநாராயணன் மூக்கைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நிறம் வெளுத்து, குமிழ் தெளிந்ததும் அவள் நிறுத்தினாள். இதெல்லாம் நாம் குளிக்கும் தண்ணீரிலா இருந்தது என்று அவர் கேட்க, நம்மிடம்தான் இருந்தது என்றாள் ஜாய்ஸ்.

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். பம்பு அறையின் வெதுவெதுப்பு, குளோரின் நெடி, குழாயின் மேல் கை வைத்தால் தெரியும் அந்தச் சன்னமான அதிர்வு. வேறு யாருக்கும் இது இயந்திரம் இருக்கும் இடம். அவளுக்கு இது அப்பா இருக்கும் இடம்.

அவளுடைய அப்பா தேவசகாயம், மாமல்லபுரம் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டல் ஒன்றில் பம்பு ஆபரேட்டராக இருந்தார். அவருக்கு முந்தைய தலைமுறை முழுக்கத் திருக்கழுக்குன்றத்துப் பக்கம் அடுத்தவர் வயலில் களை பறித்தவர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஆகவே, மார்புப் பையில் ஓட்டல் பெயர் தைத்த நீலச்சட்டை அவருக்குப் பெரிய விஷயம். தன் கையாலேயே துவைப்பார், தன் கையாலேயே தேய்ப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் ஜாய்ஸ் நேராக அவருடைய பம்பு அறைக்குத்தான் வருவாள். மோட்டாருக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மோட்டாரின் ஓசை மாறினால் அப்பாவுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். காதை வைத்தே எந்த வால்வு மூடியிருக்கிறது என்று சொல்வாள். அவர் அதை ஓட்டலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

வாரத்தில் ஒரு நாள் பேக்வாஷ். அந்த நாள்தான் ஊழியர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் திருவிழா. வெளிக்குழாய் சவுக்குத் தோப்பில் போய்த் திறக்கும். பிள்ளைகள் அத்தனை பேரும் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாய் வாயில் காத்து நிற்பார்கள். தேவசகாயம் மோட்டாரை முழு வேகத்தில் போடுவார். அந்த இரைச்சல் மணலில் கால் வழியாக ஏறும். அவர் ஓடி வந்து, குழாய்க்கு முன்னால் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். "இரு, இரு. கண்ணாடி இன்னும் தெளியல" என்பார். மறுபடி ஓடிப்போய்க் கண்ணாடிக் குமிழைப் பார்த்துவிட்டு வந்துதான் கையை எடுப்பார். உடனே கூட்டம் கத்திக்கொண்டு பாயும். யானை தும்பிக்கையால் அடிப்பதுபோல் முதுகில் அறையும் தண்ணீர். குமிழ் தெளிந்தவுடன் பம்பை நிறுத்திவிட வேண்டும் என்பது முறை. அவர் நிறுத்த மாட்டார். பிள்ளைகளின் உதடு நீலம் பாரிக்கும்வரை ஓடவிடுவார். வேப்ப எண்ணெய் வாசனையுள்ள துண்டால் அவள் தலையைத் துவட்டிவிட்டு, சோத்துக்குக் கூப்பிட்டுப் போவார். சங்கு பொறுக்கியது, சவுக்கு முள் குத்தியது, அலையின் சத்தம் எல்லாம் அந்தத் தண்ணீரோடு சேர்ந்துதான் அவள் நினைவில் இருந்தன. உலகத்தில் தன்னைவிட நன்றாகக் குளித்த குழந்தை கிடையாது என்பது அவள் கட்சி. கல்லூரியில் பேக்வாஷ் பாடம் வந்தபோது, தாங்கள் குளித்தது வடிகட்டியின் கழிவுநீர் என்று புரிந்து, வகுப்பிலேயே வாய்விட்டுச் சிரித்தவள் அவள்.

குளம் திறந்த மாதமே சங்கக் கூட்டத்தில் ஸ்ரீதேவி ஒரு யோசனை சொன்னாள். இரண்டாம் மாடியில் இருக்கிற அவள் ஒரு ஐடி கம்பெனியில் வேலை செய்கிறாள். நம் வீட்டைக் கூட்டுகிறவர்கள், வாசலில் காவல் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் பிள்ளைகள் உண்டே, ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளும் இறங்கட்டுமே என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் ஜாய்ஸுக்குக் கண் கலங்கியே போயிற்று.

கூட்டம் முடிந்து லக்ஷ்மிநாராயணன் அவளைத் தனியே அழைத்து ஒன்று கேட்டுக்கொண்டார். சிலர் பேச்சுக்குப் பயந்து கேட்கிறேன் என்றார். அந்தப் பிள்ளைகள் கரையேறியதும் பம்பு முழு வேகத்தில் ஓட வேண்டும், குளோரினையும் கூட்டிப் போட வேண்டும், திங்கள் காலையில் குளத்தைப் பூட்டி, பராமரிப்பு என்று பலகை வைத்துவிடலாம் என்றார். "ஹைஜீன்தான் மேடம். வேற ஒண்ணும் இல்ல."

ஜாய்ஸ் யோசிக்கவே இல்லை. கூட்டமாகக் குளித்தால் வேகத்தைக் கூட்ட வேண்டியதுதானே, தான் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார் என்று தோன்றியது. பம்பின் முகப்பில் பொத்தானை அழுத்தி, ஞாயிறு மாலைக்கு முழு வேகத்தை ஏற்றிவிட்டாள். சனிக்கிழமைகளில் யார் வீட்டுப் பிறந்தநாளுக்காவது குளம் கொள்ளாமல் கூட்டம் இறங்கும். கேக் கிரீமும் சன்ஸ்கிரீனும் எண்ணெய்ப்படலமாக மிதக்கும். சனிக்கிழமைக்கு அவள் வேகத்தைக் கூட்டவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

சில வாரங்கள் போயின. ஒரு ஞாயிறு மாலை, பம்பு தானாக வேகம் மாறுவதைப் பார்க்கும் ஆசையில் அவள் கீழே வந்தாள். பிள்ளைகள் அப்போதுதான் கரையேறி இருந்தார்கள். சொட்டச் சொட்ட வரிசையாக பம்பு அறைக் கதவுக்கு எதிரே நின்று, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு எதற்கோ காத்திருந்தார்கள். உள்ளே மோட்டாரின் முனகல் ஏறியது, ஏறி இரைச்சலானது. "கத்துது, கத்துது" என்று கூவிக்கொண்டு பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். கடைசியாக ஓடியவள் சங்கரி, துப்புரவு வேலை பார்க்கும் பூவாயியின் மகள். ஜாய்ஸ் அவளைப் பிடித்து நிறுத்தி, இது என்ன விளையாட்டு என்று கேட்டாள்.

"இந்த மிஷினுக்கு எங்கள புடிக்காது ஆன்ட்டி."

"யாரு சொன்னா?"

"நானே பாத்தேன். சனிக்கெழம அம்மாக்கோசரம் இங்கதான குந்திகினு இருப்பேன். அவுங்கல்லாம் ஏறி போவும்போது சும்மா கீது. நாங்கோ ஏறுனா மட்டும் கத்துது."

ஜாய்ஸ் அவள் தலையைத் தடவினாள். விளக்கம் சொல்வது அவளுக்குப் பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது. "அது உங்களுக்காகத்தான்டா வேகமா ஓடுது. படுத்துக் கெடக்குற தண்ணியவிட ஓடுற தண்ணிதான் நல்ல தண்ணி."

சங்கரியின் முகம் மலர்ந்துவிட்டது. நமக்காகத்தான் ஓடுதாம் என்று மற்றவர்களிடம் சொல்ல ஓடினாள்.

ஜாய்ஸால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. அந்த வாக்கியம் அவளுடையது இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் வராத கோடையிலும் மழைக்காலத்திலும் ஓட்டல் குளம் ஒரு ஆள் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கும். நீலமாக, தொட்டுவிடும் தூரத்தில். ஒருநாள் அதைக் காட்டி, அதிலே குளிக்கலாமா என்று அவள் கேட்டபோது, அப்பா தலையைத் துவட்டியபடியே சொன்னார்: "அது படுத்துக் கெடக்குற தண்ணிம்மா. இது ஓட்ற தண்ணி. இதான் ஜோரு." அவள் நம்பினாள். இத்தனை வருடமும் நம்பினாள். பம்பு படிப்பைப் படித்து, அப்பா சொன்னது சரிதான் என்று சூத்திரம் போட்டு நிரூபித்துக்கொண்டாள்.

படுத்துக் கிடந்த தண்ணீரா அது? அந்தக் குளத்துத் தண்ணீரைப் பகல் முழுக்கச் சுற்றி ஓடவிட்டதே அப்பாதான். உனக்கு அங்கே இடமில்லை என்று பிள்ளையிடம் சொல்ல வாய் வராமல், சொல்லத் தெரிந்த ஒன்றைச் சொல்லியிருக்கிறார். குறுக்கே கையை நீட்டி, கண்ணாடி தெளியும்வரை நின்றது, வாயால் சொல்ல முடியாததற்கு ஈடாக அவரால் முடிந்தது. அவருக்கு வேறு வழியில்லை. எனக்கு? அப்பா மறைக்க நினைத்த அதே ஒதுக்கலை நானே பொத்தானை அழுத்தி ஏற்றிவிட்டு, அவருடைய வாக்கியத்தையும் எடுத்துச் சொல்கிறேன் என்று அவளுக்கு உறைத்தது.

குளத்தோரத்து ஈரத்தை மாப்பால் இழுத்துக்கொண்டிருந்த பூவாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வேகத்தைக் குறைக்க ஜாய்ஸ் பம்பு அறைக்குள் திரும்பியதும் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா மேடம் பண்ணப்போற?"

இதை மாற்றப்போகிறேன், செயலாளரிடமும் கேட்கப்போகிறேன் என்றாள் ஜாய்ஸ்.

"வாணாம் மேடம். எனுக்குத் தெரியாதா இன்னாத்துக்கு அது கத்துதுன்னு? மொத நாளே தெரியும். நீ கேட்டா அவுங்கோ அந்த ஒன் அவரயும் நிப்பாட்டிடுவாங்கோ. கத்திகினு போவுது, வுடு. புள்ள வாரம் பூரா இதுக்கோசரம் நாளெண்ணிகினு கீது."

பொத்தானுக்கு நீட்டிய கையை ஜாய்ஸ் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பேசினால் அந்த ஒரு மணி நேரமே பறிபோகலாம். பேசாமல் இருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். பூவாயி சொன்னது பயம் மட்டும் இல்லை, கணக்கு. சங்கரியின் சந்தோஷத்தைத் தன் மனச்சாட்சிக்காகப் பணயம் வைக்க உரிமை இருக்கிறதா என்று அவள் தயங்கினாள். ஆனால் சங்கரி நாளைக்குப் பெரியவளாவாள். ஒருநாள் அவளுக்கும் புரியும். அன்றைக்கு, தான் வகுப்பில் சிரித்ததுபோல அவளால் சிரிக்க முடியாது.

"ஒரு மணி நேரம் போச்சுன்னா என் வீட்டு விருந்தாளியா தெனமும் எறங்கட்டும் பூவாயி" என்றாள். "ஒவ்வொரு வீட்டுக்கும் விருந்தாளி கூட்டிட்டு வரலாம்னு சங்க விதியே இருக்கு. அதை யாரும் தடுக்க முடியாது."

பூவாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜாய்ஸ் பொத்தானை அழுத்தினாள். இரைச்சல் இறங்கி முனகலாயிற்று. அந்த அமைதியைக் கேட்டுத்தான் லக்ஷ்மிநாராயணன் வேகவேகமாக வந்தார், அன்றைக்குப் பதறியதுபோலவே. அவரோடு பேசிக்கொண்டிருந்த ஸ்ரீதேவியும் வந்தாள்.

என்ன ஆச்சு, ரிப்பேரா என்றார். நான்தான் குறைத்தேன், இனி ஞாயிறுக்கு இந்த வேகம் கிடையாது என்றாள் ஜாய்ஸ். அவர் முகம் சுருங்கியது. யாரும் தப்பாக நினைத்துச் செய்யவில்லை, இடம் கொடுத்ததே நாம்தானே, இதைக் கேட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா என்று அடுக்கினார். கடைசியில், பூவாயி எதைச் சொல்லிப் பயந்தாளோ அதையே சொன்னார். "இது பிரச்சினைன்னா, பேசாம அந்த டைமையே எடுத்துடலாமா மேடம்? எல்லாருக்கும் நிம்மதி."

ஸ்ரீதேவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜாய்ஸ் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சார், அன்னிக்கு பேக்வாஷ் பண்ணும்போது அந்தக் கண்ணாடில என்ன பாத்தீங்க?"

"அழுக்கு. மூக்கைப் பொத்திக்கிட்டேனே."

"நான் அதுலதான் குளிச்சு வளந்தேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னாள். ஓட்டல், அப்பா, சவுக்குத் தோப்பு, குழாய் வாயில் நின்ற பிள்ளைகள் எல்லாவற்றையும் சொன்னாள். இந்தக் குடியிருப்பில் அதுவரை யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. அந்தத் தண்ணீர் முதுகில் அடித்த சுகத்தைக்கூட மறைக்காமல் சொன்னாள். குறுக்கே நீண்டிருந்த அப்பாவின் கையைச் சொல்லும்போது தன் கையையும் அப்படியே நீட்டிக் காட்டினாள்.

"எங்கப்பாகிட்ட வேற தண்ணி இல்ல சார். அதனால அந்தத் தண்ணிய எங்களுக்காகத் தெளிய வெச்சார். நம்மகிட்ட தெளிஞ்ச தண்ணி இருக்கு. நாம அதைப் பிள்ளைங்க எறங்கினதும் அழுக்கா ஆயிடுச்சுன்னு சொல்றோம். நேத்து பர்த்டே பார்ட்டில எத்தன பேர் இருந்தாங்க? அதுல பாதிகூட இல்ல இந்தப் பிள்ளைங்க. பம்புக்கு எத்தன பேர் எறங்கினாங்கன்னு தெரிஞ்சா போதும். யாரு எறங்கினாங்கன்னு அது கேக்காது. நாமதான் கேக்க வெச்சிருக்கோம். நானும்தான்."

தோட்டத்துப் புல்லில் பிள்ளைகள் ஈரத்துணியைச் சுழற்றி ஒருவரை ஒருவர் அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். லக்ஷ்மிநாராயணன் அவர்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் குமிழைப் பார்த்தார். அந்த டிகாஷன் நிறம் அவருக்குக் கண்ணில் நின்றிருக்க வேண்டும். அதன் அடியில் ஒரு சின்னப் பெண் நிற்பதுபோல நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்து, வேர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமைக்கு வேகத்த கூட்டுங்க மேடம்" என்றார். "கூட்டம் அன்னிக்குதானே. திங்கள் காலைல பலகை வேணாம். நானும் என் பேரனும்தான் மொதல்ல எறங்குறோம். யார் என்ன கேட்டாலும் என்கிட்ட வரட்டும்."

அந்த ஒரு மணி நேரம் எதற்குத் தனியாக, எல்லாரும் எல்லா நேரமும் இறங்கட்டுமே என்று ஸ்ரீதேவி கேட்டாள். அடுத்த கூட்டத்தில் அதைத் தானே முன்வைப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். படியேறப் போனவர், பாதியில் திரும்பினார். அந்தக் குரலில் செயலாளர் தோரணை இல்லை.

"புதுக் குளம், புது பம்பு, எல்லாமே புதுசா வாங்கினோம். பழைய தீட்ட மட்டும் வீட்டுல இருந்து கொண்டுவந்து அதுல கலந்துட்டு, அதுக்கு சுத்தம்னு பேரு வெச்சுட்டோம் மேடம். மனுஷன் தொட்டு எந்தத் தண்ணியும் தீட்டாகாது. அப்படி நெனைக்கிற மனசுதான் அழுக்கு. அத கழுவ எந்த பம்பும் வராது, நாமதான் கழுவணும்."